ஒன்றரை மடங்கு

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவனுக்கு ஒரு காலத்தில் ஒரே ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்: ரேம் எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு. 128 எம்.பி. என்றால் 192. 256 என்றால் 384. 'வெர்ச்சுவல் மெமரி' என்ற பெட்டியைத் திறந்து இந்த எண்ணை அடித்துவிட்டு எழுந்து நின்றால் டீ வரும், கூடவே பப்ஸ் வரும், கிளம்பும்போது சர்வீஸ் சார்ஜும் வரும். ஏன் ஒன்றரை, ஏன் ஒன்றேகால் ஆகக் கூடாது என்று எந்தப் பனியன் கம்பெனியிலும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "கம்பெனி செட்டிங்கே அதுதானுங்க" என்று சொல்லத் தயாராக இருந்தோம். அது பொய்யும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ல் வந்தபோது, மைக்ரோசாஃப்டே ஆரம்ப அளவை ஒன்றரை மடங்காகவும் உச்ச அளவை மூன்று மடங்காகவும் வைத்துத்தான் அனுப்பியது.

தொண்ணூறுகளின் கடைசியில் பனியன் கம்பெனிக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த விதமே தனி. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் வியர்வையில் ஓடும். மாடியில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஏ.சி. இருக்கும், முதலாளிக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யு.வுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று உறைகள். எல்லாம் கம்பெனியின் மிச்சத் துணியில் கம்பெனி டெய்லரே ஓவர்லாக் அடித்துக் கொடுத்தவை. ஜெர்மனிக்குப் போன ஆர்டரில் மிஞ்சிய இன்டர்லாக் துணிக்கு இப்படி ஒரு யோகம். சாமி படத்துக்குப் பொட்டு வைக்கிற கையோடு மானிட்டருக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். ஆயுத பூஜை அன்று சந்தனம் ஃப்ளாப்பி டிரைவுக்குள் போன கேஸ்களும் உண்டு.

அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர்களால் எனக்குப் பெரிய வருமானம் கிடையாது. அவை கணக்கை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். சோறு போட்டவை பிரிண்டிங் டிசைன் ரூம்கள். அதற்கு முன்னால் ஒரு டிசைனில் ஆறு கலர் இருந்தால் ஆர்ட்டிஸ்ட் ஆறு டிரேஸிங் தாளில் கையால் வரைவார், கலருக்கு ஒரு தாள். கண்ணும் போகும், முதுகும் போகும். கம்ப்யூட்டர் வந்ததும் கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் தெரிந்தவர்களுக்கு மவுசு ஏறியது. பி.என். ரோட்டுப் பக்கம் நான் வாடிக்கையாகப் போன ஒரு யூனிட்டில் டிசைனர் சிவகாசியிலிருந்து வந்தவர். காலண்டரும் பட்டாசு லேபிளும் போட்டுப் பழகிய கை. அவருக்கு எந்த கார்ட்டூன் பொம்மையைக் கொடுத்தாலும் அதன் முகத்தில் கொஞ்சம் சாமி களை வந்துவிடும். பையர் அதைக் கண்டுபிடித்ததில்லை.

அவருடைய கஷ்டத்தைக் கணக்காகப் போட்டால் இப்படி வரும். ஏ3 தாள் அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி. அகலத்தில் 3,508, உயரத்தில் 4,961. பெருக்கினால் ஒரு கோடியே 74 லட்சம் புள்ளி. நாலு கலர் ஃபைலாகத் திறந்தாலே கிட்டத்தட்ட 70 எம்.பி. ஸ்கிரீன் போட ஆறு கலரைத் தனித்தனியாகப் பிரித்தால், கலருக்கு 17 எம்.பி. வீதம் இன்னும் ஒரு நூறு. அவர் செய்ததைத் திரும்ப அழிக்க வசதியாக ஃபோட்டோஷாப் பழைய நிலைகளை வேறு ஞாபகம் வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் இருந்த ரேமோ மொத்தம் 128 எம்.பி. அதில் விண்டோஸ் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடும்.

மிச்சம் எங்கே போகும்? ஹார்ட் டிஸ்குக்கு. ரேமில் இடம் தீர்ந்தால், இப்போதைக்குத் தேவையில்லை என்று தோன்றுகிறதை எடுத்து டிஸ்கில் ஒரு மறைவான ஃபைலில் போட்டுவைக்கும். மறுபடி தேவைப்பட்டால் அங்கிருந்து தூக்கி வரும். விண்டோஸ் 98-ல் அதற்கு வின்386.எஸ்.டபிள்யூ.பி. என்று பெயர். எக்ஸ்.பி.யில் பேஜ்ஃபைல்.சிஸ். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஆகிற நேரத்தைவிட, சுழல்கிற டிஸ்கிலிருந்து எடுக்க ஆகிற நேரம் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. இந்த 'ஒரு லட்சம்' காதில் கேட்கும். கரகரவென்று ஒரு சத்தம், நிற்காமல். கேபினெட்டின் முன்னால் சின்ன சிவப்பு விளக்கு மினுக்குவதை விட்டுவிட்டு ஒரேயடியாக எரிந்துகொண்டிருக்கும். திரையில் மணல்கடிகாரம். ஃபில்டர் ஒன்றைத் தட்டிவிட்டு டிசைனர் கீழே இறங்கிப் பேக்கரியில் டீ குடித்து, தினத்தந்தி படித்து, எதிர்க் கம்பெனி டிசைனரோடு சம்பளம் பற்றிப் பேசிவிட்டு வருவார். சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் திரும்பவும் இறங்கிவிடுவார்.

ஃபோட்டோஷாப் இந்த விஷயத்தில் விண்டோஸை நம்பாது. தனக்கென்று 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்று ஒரு தனி இடம் வைத்துக்கொள்ளும். அதுவும் சி டிரைவ், பேஜ்ஃபைலும் சி டிரைவ். ஒரே ஊசி இரண்டு பேருக்கும் ஓட வேண்டும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து, பேஜ்ஃபைலை டி டிரைவுக்கு மாற்றுவது. 20 ஜி.பி. டிஸ்க் ஒன்றைத்தான் சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்போம். வீட்டுக்குள் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்த மாதிரி பேச்சுக்குத்தான் இரண்டு, அடுப்பு ஒன்றேதான். ஊசி முன்பைவிடத் தூரமாக ஓடியதுதான் மிச்சம். ஆனாலும் மாற்றிய அன்றைக்கு வேகமாக இருப்பதாக எல்லாருக்கும் தோன்றியது. ரீஸ்டார்ட் செய்த கம்ப்யூட்டர் எதுவுமே கொஞ்ச நேரம் வேகமாகத்தான் இருக்கும்.

எக்ஸ்.பி. வந்தபின் கரகர சத்தத்தோடு வலது மூலையில் மஞ்சள் பலூன் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 'யுவர் சிஸ்டம் இஸ் லோ ஆன் வெர்ச்சுவல் மெமரி.' விண்டோஸ் தானே பேஜ்ஃபைலைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறது, அதுவரை சில விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஷிப்மென்ட் நாளில் இந்தப் பலூன் வந்தால் என் செல்போனும் அடிக்கும். போய் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸில் செட்டிங்ஸ், மறுபடி ஒரு அட்வான்ஸ்டு, அப்புறம் சேஞ்ச். ஊத்துக்குளி ரோட்டில் சந்துக்குள் சந்தாகப் போய் நிட்டிங் கம்பெனியைத் தேடுகிற மாதிரிதான். உள்ளே போனால் 'கஸ்டம் சைஸ்', இரண்டு கட்டம். எண்ணை அடித்தபின் 'செட்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் நேராக ஓ.கே. கொடுத்தால் அடித்த எண் காற்றோடு போய்விடும், ஒரு வார்த்தை எச்சரிக்கை கூட வராது. ஊரில் பாதிப் பேர் மெமரியை ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு வேகமாகத்தான் தெரிந்தது.

இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்சி இருந்தது. ஃபைல் அடிக்கடி வளர்ந்தால் டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறும், ஒரே அளவாக வைத்தால் சிதறாது என்பது அதன் வாதம். நியாயமான வாதம். எதிர்க்கட்சி, 'விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' கட்சி. அவர்களுக்கு மதிப்புக் குறைவு. எண் அடிக்காதவனுக்கு எதற்கு சர்வீஸ் சார்ஜ் என்று முதலாளிகள் கேட்டார்கள். மூன்றாவதாக, 'ரேம் பூஸ்டர்' சிடி வைத்திருந்தவர்கள். அந்த சாஃப்ட்வேர் ரேமில் இருந்ததையெல்லாம் வலுக்கட்டாயமாக டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, 'இதோ, ரேம் காலியாக இருக்கிறது' என்று பச்சை வட்டம் காட்டும். தள்ளியதெல்லாம் அடுத்த நிமிஷமே கரகரவென்று திரும்பி வரும். பச்சை வட்டத்துக்காக அதையும் வாங்கினார்கள்.

இந்தத் தந்திரம் எங்கே பிறந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். மான்செஸ்டரில். நம்மூருக்கு ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற கோவையை எந்த ஊர்ப் பெயரால் நூறு மேடையில் புகழ்ந்திருப்பார்களோ, அதே பஞ்சாலை மான்செஸ்டர். அங்கே பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர் கூட்டமும் ஃபெர்ரான்டி கம்பெனியோடு சேர்ந்து அட்லஸ் என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 1962 டிசம்பரில் திறப்பு விழா. அதில் ரேம் ஸ்தானத்தில் இருந்த காந்த நினைவகம் 16 ஆயிரம் சொற்களுக்குச் சற்று மேலே, இன்றைய கணக்கில் 96 கே.பி. அதைவிட ஆறு மடங்கு பெரிதாக ஒரு சுழலும் டிரம். அதுவரை புரோகிராம் எழுதுகிறவர்தான் எதை டிரம்மில் வைப்பது, எதை எப்போது உள்ளே கொண்டுவருவது என்று கையால் திட்டம் போட வேண்டும். அந்த வேலையை எந்திரத்திடமே விட்டார்கள். நினைவகத்தை 512 சொல் கொண்ட பக்கங்களாக வெட்டி, எந்தப் பக்கம் இனி கொஞ்ச நேரத்துக்குத் தேவைப்படாது என்று எந்திரமே ஊகித்து வெளியே அனுப்பும். புரோகிராம் எழுதுகிறவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும். 'பேஜ்' என்ற பேச்சு வந்ததே இந்தப் பக்கங்களால்தான். 96 கே.பி.யில் அவர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். நாம் அதில் ஆயிரம் மடங்குக்கு மேல் வைத்துக்கொண்டு பனியனில் பொம்மை போட முடியாமல் தவித்தோம்.

இந்த விவகாரத்தை எனக்கே தெளிவாக்கியவர் ஒரு முதலாளி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கைமடிக்கப் போய், டெய்லராகி, காண்ட்ராக்ட் எடுத்து, சொந்தமாக எக்ஸ்போர்ட் வரைக்கும் வந்தவர். நான் பெட்டிக்குள் எண் அடிப்பதை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ரேம் காசு குடுத்து வாங்கோணும். இது சும்மா எண்ணு அடிச்சாக் கெடைக்குது. அப்பறம் அதை எதுக்கு வாங்கறோம்?"

"இது டிஸ்க்ல எடுத்துக்கற எடமுங்க. கணக்குக்கு மெமரின்னு காட்டும், வேகம் வராதுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படீன்னா பேக்கிங் கிரெடிட்டுன்னு சொல்லுங்க."

எக்ஸ்போர்ட் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கையில் ஆர்டர் இருக்கும், காசு இருக்காது. நூல் வாங்க, சாயம் போட, கூலி கொடுக்க பேங்க் ஒரு லிமிட் போட்டுத் தரும். சரக்குக் கப்பலேறிப் பணம் வந்ததும் அடைக்க வேண்டும். வட்டி உண்டு. பேஜ்ஃபைலும் அதுவேதான், வட்டியை மட்டும் ரூபாயில் வாங்காமல் நேரத்தில் வாங்கும். அவர் அதோடு விடவில்லை. "ரேம் ஜாஸ்தியானா இதுவும் ஜாஸ்தியாப் போடறீங்க. ரேம் கம்மியா இருக்கறவனுக்குத்தானே இது ஜாஸ்தி வேணும்?"

ஒன்றரை மடங்கு வாய்ப்பாட்டின் அடிமடியில் கை வைத்த கேள்வி அது. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பல வருஷம் கழித்துத்தான் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். "பேங்க்காரனும் அப்படித்தானுங் தம்பி. இருக்கறவனுக்குத்தான் லிமிட்டு."

அவர் சொன்னது பாதி வேடிக்கை என்றாலும் உள்ளே நடப்பது நிஜமாகவே அந்தக் கணக்குதான். ஒரு புரோகிராம் 'எனக்கு இத்தனை எம்.பி. வேண்டும்' என்று கேட்டு வாங்கியதும் அந்த இடம் அங்கேயே நிரம்பிவிடாது. விண்டோஸ் ஒரு வாக்குறுதியை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் தாறுமாறாக வாக்குக் கொடுக்காது. ரேமும் பேஜ்ஃபைலும் சேர்த்து எவ்வளவோ, அதுதான் மொத்த லிமிட். எல்லாப் புரோகிராமுக்கும் கொடுத்த வாக்கைக் கூட்டினால் அந்த லிமிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டும்போதுதான் மஞ்சள் பலூன். ஆகவே பார்க்க வேண்டிய எண், நாளின் மிகப் பரபரப்பான வேளையில் வாக்கு எவ்வளவு தூரம் ஏறியது என்பது. விண்டோஸின் உள்ளும் புறமும் தெரிந்த மார்க் ருசினோவிச் 2008-ல் இதைத்தான் எழுதினார். அந்த உச்சத்திலிருந்து ரேமைக் கழி, வருகிறதைக் குறைந்தபட்ச பேஜ்ஃபைலாக வை, அதில் இரண்டு மடங்கை அதிகபட்சமாக வை. கழித்தல் கணக்கு. நாங்கள் செய்துகொண்டிருந்ததோ பெருக்கல்.

வேடிக்கை என்னவென்றால் அந்த எண் எக்ஸ்.பி.யின் டாஸ்க் மேனேஜரிலேயே கண்ணெதிரில் இருந்தது. 'பி.எஃப். யூசேஜ்' என்று தப்பான பெயரில். பேஜ்ஃபைல் எவ்வளவு பயன்படுகிறது என்றுதான் யாரும் படிப்பார்கள். நிஜத்தில் அது காட்டியது மொத்த வாக்குறுதியை. சாயப்பட்டறைக்காரர் நேவி பாக்கெட்டில் கறுப்புச் சாயம் வைத்திருந்தால் கூட ஒரு லாட்டில் தெரிந்துவிடும். இது தெரிய வருஷங்கள் ஆயின.

2005 ஜனவரி 1-ல் ஜவுளிக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. ஊரில் மெர்ச்சண்டைசர்கள் பெருகினார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கம்ப்யூட்டர். எக்ஸல் ஷீட்டுக்குள் சட்டை போட்டோ, பட்டன் போட்டோ, ஹேங்டேக் போட்டோ என்று ஒட்டி ஒட்டி ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் சாய சாம்பிளான லேப் டிப் காய்ந்துவிடும். ரேம் விலை இறங்கியது. 'இன்னொன்று போட்டுக் கொடுங்க' என்று தாராளமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது வந்தது புது வழக்கு: 4 ஜி.பி. போட்டோம், கம்ப்யூட்டர் மூன்றேகால்தான் காட்டுகிறது. முக்கால் எங்கே?

நூல் பெட்டியில் எடை குறைந்தால் மில்லோடு சண்டைக்குப் போகிற ஊர் இது. ரேமில் முக்கால் ஜி.பி. குறைந்தால் விடுமா? ஒரு கம்பெனி மேனேஜர் கடைக்காரரிடம் டெபிட் நோட் போடவே கிளம்பிவிட்டார். 32 பிட் விண்டோஸுக்கு மொத்தம் 4 ஜி.பி. முகவரிதான் எண்ணத் தெரியும், அதில் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி உறுப்புகள் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதோடு சாதாரண புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் 2 ஜி.பி.தான் எல்லை. பேஜ்ஃபைலை எத்தனை ஜி.பி. ஆக்கினாலும் ஃபோட்டோஷாப் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். லிமிட் எவ்வளவு இருந்தாலும் ஒரே பார்ட்டிக்கு இதற்கு மேல் கிடையாது என்கிற மாதிரி. இதை அந்த முதலாளியிடம்தான் சொன்னேன். சிரித்துவிட்டு 64 பிட்டுக்கு மாறச் சம்மதித்தார்.

கரண்ட் கட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012-ல் நாளில் பாதி கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில் யு.பி.எஸ். பேட்டரிகள் செத்துச் செத்து விழுந்தன. "டக்குனு போனா அந்தப் பேஜ்ஃபைல்ல இருக்கறதெல்லாம் என்னாகுமுங்?" என்று கேட்பார்கள். அடுத்து ஆன் செய்யும்போது விண்டோஸுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, குப்பைதான். ஆனால் குப்பை அங்கேயே கிடக்கும் என்பதுதான் விஷயம். ஷட் டவுன் செய்யும்போது பேஜ்ஃபைலைத் துடைக்கச் சொல்லி ரெஜிஸ்ட்ரியில் ஒரு வசதி உண்டு. வைத்தால் ஷட் டவுன் நெடுநேரம் எடுக்கும், அதனால் யாரும் வைப்பதில்லை. இன்னும் கடைக்கு வராத அடுத்த சீசன் டிசைனின் துண்டுகள், பையர் மெயிலில் வந்த விலை, எல்லாம் அந்த ஃபைலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காதர்பேட்டைச் சந்தைக்குப் போகிற மிச்சப் பீஸில் பையர் பெயர் தெரியக் கூடாது என்று கத்தரி எடுத்து லேபிளை வெட்டுவார்கள். அதே கம்பெனி, பழைய ஹார்ட் டிஸ்கைக் கேபினெட்டோடு சேர்த்து பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போடும்.

இப்போது அந்த டிசைன் ரூமில் செருப்போடு போகலாம். உறை இல்லை, பொட்டும் இல்லை. கரகர சத்தம் இல்லை, எஸ்.எஸ்.டி.க்கு வாயே கிடையாது. அந்தப் பேக்கிங் கிரெடிட் முதலாளியின் மகன் வெளியூரில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றிருக்கிறார். என்னை 'அங்கிள்' என்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் ரேம் 32 ஜி.பி. சிவகாசி டிசைனரின் 128 எம்.பி.யைப்போல 256 மடங்கு. ஸ்கிரீன் பிரிண்ட் வேலை அதில் தூசு. ஆனால் பையர்கள் இப்போது சாம்பிளையே 3டி-யில் கேட்கிறார்கள். பேட்டர்னைக் கம்ப்யூட்டரிலேயே தைத்து, பொம்மைக்குப் போட்டுவிட்டு, துணி எங்கே தொங்குகிறது, எங்கே சுருங்குகிறது என்று திரையில் காட்ட வேண்டும். பக்கத்தில் பிரவுசரில் எண்ண முடியாத டேப்கள். 2025 கடைசியில் ஒரு நாள், பொம்மை கையைத் தூக்கியபடி நின்றுவிட்டது. அவுட் ஆஃப் மெமரி.

"அங்கிள், பாருங்க, இன்னும் 8 ஜி.பி. ஃப்ரீயா இருக்கு. அப்பறம் எப்படி அவுட் ஆஃப் மெமரி?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். இப்போது அந்த எண்ணுக்குச் சரியான பெயர் வைத்துவிட்டார்கள்: 'கமிட்டெட்'. வாக்குறுதி லிமிட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. லிமிட்டோ வெறும் ரேம் அளவு மட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் 'நோ பேஜிங் ஃபைல்'. ஏன் என்றேன். எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும், அத்தோடு 32 ஜி.பி. இருக்கும்போது அது எதற்கு என்றார். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒன்றரை மடங்கு, இவர்களுக்குப் பூஜ்யம் மடங்கு. விண்டோஸ் 7 செய்த குழுவே 2009-ல் அளந்து சொல்லியிருக்கிறது: பேஜ்ஃபைலில் எழுதுவது ஒரு தடவை என்றால் படிப்பது சுமார் நாற்பது தடவை. தேய்வது எழுதுவதால்தான். அதிலும் விண்டோஸ் 10-லிருந்து, டிஸ்குக்கு அனுப்பும் முன் ரேமுக்குள்ளேயே சுருக்கிவைத்துப் பார்க்கிறது.

பெரியவர் பின்னால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"லிமிட்டை நீயே கேன்சல் பண்ணிப்போட்டு, பேங்க் பணம் தரலைன்னா எப்படிடா? யூஸ் பண்ணாட்டியும் லிமிட்டு லிமிட்டாக் கெடக்கோணும்."

'சிஸ்டம் மேனேஜ்டு' என்று மாற்றினேன். விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் கட்சியில் நான் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சர்வீஸ் சார்ஜ் குறைந்ததும் அதனால்தான். ஆனாலும் பொம்மை மறுநாள் திரும்ப நின்றது. விண்டோஸ் தானாகப் பேஜ்ஃபைலை வளர்க்கும்போது ரேமில் மூன்று மடங்கு வரை போகும் என்பது பேச்சு. டிரைவ் அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது நிபந்தனை. மகனுடைய சி டிரைவ் 120 ஜி.பி. எட்டில் ஒரு பங்கு 15. அதிலும் ஷூட்டிங் வீடியோவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் போக மிஞ்சியது சொற்பம். இடத்தைக் காலி செய்து, இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில் ஒரு 32 ஜி.பி.க்குப் பேஜ்ஃபைல் வைத்தேன். 'செட்' அழுத்தினேன். 2001-ல் இருந்த அதே பெட்டி, அதே இடத்தில், அதே பொத்தான். அழுத்தாமல் போனால் இன்றைக்கும் அதே மௌனம்.

பொம்மை அசைந்தது, ஆனால் ஆமை வேகம். ரேம்தான் போட வேண்டும் என்றேன். மகன் விலை கேட்டார். சொன்னேன். என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

தப்பு என்னுடையது அல்ல. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம் வந்து ரேம் விலை எகிறியபோது, "தைவான்ல பூமி ஆடுனா திருப்பூர்ல பிரிண்டிங் நிக்குமா?" என்று இதே அறையில் கேட்டார்கள். 2025-ல் காரணம் பூமி அல்ல. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக உலகத்து மெமரி சிப்பெல்லாம் அங்கே போக ஆரம்பித்து, விலை ஏறியது. மைக்ரான் கம்பெனி சாதாரண ஆட்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுக்கொண்டிருந்த கிளையையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்தப் பக்கம் அந்த வருஷம் ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருந்தது. பையர் டிஸ்கவுன்ட் கேட்டான், கடைக்காரன் ரேமுக்கு விலை ஏற்றினான். நடுவில் முதலாளி மகன்.

"அப்பப் பேஜ்ஃபைலை 64 ஆக்கிடலாமா அங்கிள்?"

வேண்டாம், வட்டிதான் ஏறும் என்றேன். கம்பெனியில் மூலையில் கிடந்த இன்னொரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். ஆர்டர் இல்லாத மெர்ச்சண்டைசர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. அதிலிருந்த 16 ஜி.பி.யும் அதே ரகம்தான். கழற்றி இதில் போட்டோம். பொம்மை கையைத் தூக்கியது, இறக்கியது, சுற்றியது. கழுத்து ரிப் சுருங்குவது கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஃபைலை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பையரிடமிருந்து மெயில் வந்தது. 3டி மிக நன்றாக இருக்கிறதாம், பாராட்டுகளாம். கையில் தொட்டுப் பார்க்க எம் சைஸில் இரண்டு பீஸ் தைத்து கூரியரில் அனுப்ப வேண்டுமாம்.